ஸ்வேல்டேல் கல்தொழுவங்கள்: வீடாக்கலாமா, அப்படியே விடலாமா?

தேக்காவாசி:
சென்ற ஜூனில் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியிலுள்ள ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கிற்குப் போயிருந்தேன். புல்வெளிதோறும் நிற்கும் பழைய கல்தொழுவங்கள் பலவற்றில் இப்போது மாடுகள் இல்லை. சிலவற்றின் கூரைக் கற்பலகைகள் சரிந்து கிடக்கின்றன. (படம் இணைத்துள்ளேன்.) ஆட்களைக் குடியேற்றினால்தான் இவை பிழைக்கும். நம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், கீழே கடையும் மேலே வீடுமாக நிற்கும் கடைவீடுகள் 1989இல் பாதுகாப்புப் பகுதிக்குள் வந்தபின், உள்ளே உணவகமும் விடுதியும் நடப்பதால்தானே இன்றும் நிற்கின்றன?

ஈசூன் கொத்தனார்:
ஒப்புமை பொருந்தவில்லை, ஐயா. கடைவீடு மனிதருக்காகவே எழுந்தது. சன்னலும் முற்றமும் அதனுடன் பிறந்தவை. தொழுவத்தின் சுவரோ, உள்ளும் புறமும் இரண்டு கல்முகங்களை எழுப்பி, நடுவே சில்லுக்கற்களை அடைத்து, இடையிடையே நீண்ட கற்களைக் குறுக்கே கிடத்தி இரண்டையும் பிணைத்தது. அக்கற்களின் முனைகள் வெளியே துருத்தியிருக்கும். உங்கள் படத்திலேயே மூன்று வரிசை எண்ணினேன். கண்ட இடத்தில் சன்னலுக்காக உடைத்தால் பிணைப்பு அறுந்து, நடுவிலுள்ள சில்லு இறங்கி, சுவர் வயிறு தள்ளிவிடும்.

தேக்காவாசி:
கல் உத்தரம் வைத்துத் திறக்கலாமே? அல்லது உலர்புல்லை உள்ளே தள்ள விட்ட துளையையே சன்னலாக்கலாமே?

ஈசூன் கொத்தனார்:
உத்தரம் வைக்கலாம், மறுக்கவில்லை; ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை சன்னல்கள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். குளிர்காலம் முழுதும் நாலைந்து மாடுகள் கீழே நிற்க, அவற்றுக்கான புல் பரணில் இருக்க, சாணம் அதே வயலுக்கு எருவாகப் போக, தீனியையும் எருவையும் நெடுந்தூரம் சுமக்காமலிருக்கவே வயலுக்கு வயல் கட்டினார்கள். சன்னலில்லாத அந்த இருட்டும் அதற்கானதே. அங்கும் 1989இல்தான், தொழுவங்களையும் வயற்சுவர்களையும் சேர்த்தே பாதுகாப்புப் பகுதியாக்கினார்கள். நடுவயலில் காரும் மின்கம்பமும் வந்தால் எதைக் காத்ததாகும்?

பழைய சிராங்கூன்:
இடையே ஒரு சொல். நம் லிட்டில் இந்தியாப் பக்கத்தின் பழைய பெயரான கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். இன்று நம்மிடம் அந்தப் பெயர் மருத்துவமனையில் இருக்கிறது; தொழுவத்தைக் காணோம்.

தேக்காவாசி:
அதனால்தான் அஞ்சுகிறேன். சரி, சாலையோரத்தில் நிற்பவை வீடாகட்டும், நடுவயலில் நிற்பவற்றுக்கு?

ஈசூன் கொத்தனார்:
கூரையை மட்டும் கவனித்தால் போதும். மழை சுவரின் நடுவே இறங்கி உறைபனியில் விரிவதுதான் கற்களைப் பிளந்து தள்ளுகிறது. ஆனால் மாடில்லாத தொழுவத்தின் கூரைக்கு எந்த விவசாயி செலவழிப்பார் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.