டம்பெல் ரேக்: 12 எம்எம் ப்ளைவுட் போதுமா?

கேள்வி:
2.5 கிலோவிலிருந்து 15 கிலோ வரை ஆறு ஜோடி டம்பெல், மொத்தம் 105 கிலோ. 3 அடி நீளத்தில் இரண்டு தட்டு வைத்து மர ரேக் செய்யணும். 12 எம்எம் ப்ளைவுட் தாங்குமா? மூலைக்கு எல்-கிளாம்ப் மட்டும் போதுமா?

பதில் 1:
12 வேண்டாங்க, சில மாசத்துல நடுவில் தொய்ஞ்சிடும். 18 எம்எம் போடுங்க. பருமன் ஒன்றரை மடங்கு ஆனா விறைப்பு மூணு மடங்குக்கு மேல கூடும். ப்ளையோட மேல்முகத்துல தெரியுற மர ரேகை தட்டோட நீளவாக்கில் ஓடணும். குறுக்கே வெட்டினா பலம் போச்சு. முன்விளிம்பில் 2 அங்குல ரீப்பரை (ஒல்லியான மரச்சட்டம்) நிமிர்த்திப் பசை, ஸ்க்ரூ போட்டு ஒட்டுங்க. தொய்வும் நிக்கும், தட்டுக்கு மேல அரை அங்குலம் தூக்கி வெச்சா டம்பெல் உருண்டும் விழாது. பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீங்க.

பதில் 2:
எடையை ஸ்க்ரூ தாங்கக் கூடாது, மரம் தாங்கணும். பக்கப் பலகையில் தட்டுக்கு அடியில் ஓர் அங்குலச் சட்டம் பசையோட பதிச்சு, அது மேல தட்டை உட்கார வைங்க. ப்ளை விளிம்பில் ஸ்க்ரூவை நேரா ஏத்தினா அடுக்கு விரிஞ்சிடும். 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு முதல்ல 3 எம்எம் ஓட்டை போட்டுக்கோங்க.

பதில் 3:
இன்னொண்ணு, பின்னாடி 6 எம்எம் ப்ளை அடிக்காம விட்டா ரேக் பக்கவாட்டில் ஆடும். எல்-கிளாம்பை மேல்பக்கம் சுவரோட பிடிக்க வெச்சுக்கோங்க. 10 கிலோவுக்கு மேல எல்லாம் கீழ்த்தட்டுல.