காரை மச்சுக்கு மேல சிமெண்டு போடலாமா? ஹைகோர்ட்டு கட்டடத்த வச்சு ஒரு சந்தேகம்

பாளை குமாஸ்தா:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வக்கீல் குமாஸ்தாவா இருக்கேன். 2004-ல மதுரைக் கிளை வாறதுக்கு முந்தி நம்ம திருநெல்வேலி ஜில்லா அப்பீல் கட்டெல்லாம் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குத்தான் போகும். போகும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கட்டடத்த அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பேன். 1888-ல ஆரம்பிச்சு 1892-ல திறந்தது. பெரிய கோபுரத்து உச்சியில 1894-ல கலங்கரை விளக்க ஏத்தி 1977 வரைக்கும் எரிச்சிருக்காங்க. சிமெண்டு காங்கிரீட்டு பழக்கத்துல இல்லாத காலத்துல அம்புட்டு பாரமும் எப்படி நிக்குது?

கேக்கதுக்குக் காரணம் இருக்கு. பாளையங்கோட்டையில எங்க வீடும் காரை மச்சுதான், செங்கலும் சுண்ணாம்பும் வச்சுப் போட்ட பழைய மாடித் தளம். ஐப்பசி மழைக்குப் பட்டாசல் (முன்கூடம்) மூலையில ஒழுகுது. மேல சிமெண்டு தளம் போட்டா சரியாயிரும்னு கொத்தனார் சொல்லுதாரு. இடிச்சுட்டு காங்கிரீட்டு போடச் சொல்லுதான் மச்சான்.

தச்சநல்லூர் மணி:
இடிக்காதீங்க. கடையில வாட்டர் புரூஃப் பெயிண்டு விக்கான், ரெண்டு கோட்டு அடிச்சா போதும்.

பழைய ஓவர்சியர்:
பெயிண்டும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம் தம்பி. முதல்ல ஹைகோர்ட்டுக்கு வாறேன். கட்டடத்துக்குப் படம் பிராசிங்டன்னு ஒரு வெள்ளைக்காரர் வரைய ஆரம்பிச்சு, இர்வின்னு இன்னொருத்தர் முடிச்சது. காண்டிராக்டு நம்பெருமாள் செட்டியார். இரும்பு கிர்டரும் சில அலங்கார ஓடும்தான் வெளியில இருந்து வந்தது, மத்ததெல்லாம் இங்க உள்ள சாமான். செங்கல்லும் சுண்ணாம்பும் அமுக்குத பாரத்தத் தாங்கும், இழுக்குத பாரத்தத் தாங்காது. அதனாலதான் எங்க பாத்தாலும் வளைவும் கும்மட்டமுமா இருக்கு. வளைவு பாரத்த ரெண்டு பக்கமும் தள்ளும். தள்ளுததப் பிடிச்சு நிறுத்த தடிச்ச சுவர் வேணும், பக்கத்துலயே இன்னொரு வளைவு வேணும். தார்சா தார்சாவா, அதான் வராண்டா வராண்டாவா, வளைவு ஓடுதது வெயிலுக்காக மட்டும் இல்ல. நம்ம சுலோச்சன முதலியார் பாலத்துப் பழைய பாகத்த தாமிரபரணி ஆத்துல இறங்கிப் பாருங்க. 1843-ல கட்டினது, 11 வளைவு, அதே வித்தைதான்.

உங்க மச்சு வேற மாதிரி. தேக்கு உத்தரம், அதுக்கு மேல கட்டை. கட்டைக்கு மேல சின்னச் செங்கல்ல குத்தவச்சு, மூலையில இருந்து கோணலா, சுண்ணாம்புச் சாந்துல ஒட்டிக்கிட்டே வருவாங்க. அடியில பலகையும் கிடையாது, முட்டும் கிடையாது. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பொம்பளையாளுக வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள்கணக்கா அடிப்பாங்க. அடிக்க அடிக்க கடுக்காய்த் தண்ணி தெளிப்பாங்க. சுண்ணாம்புப் பால் மேல வந்து, அடிச்ச தடம் விழாம கட்டை துள்ளித் திரும்பினாத்தான் தளம் இறுகிட்டுன்னு அர்த்தம். நான் வேலைக்குச் சேந்த புதுசுல அந்தச் சத்தத்த வச்சே மேஸ்திரி சொல்லிருவாரு, எந்த மூலையில இன்னும் அடி பத்தலன்னு. கடைசியா தட்டோடு (தட்டையான ஓடு) பதிச்சு காரை பூசி வாட்டம் கொடுப்பாங்க.

சுண்ணாம்பு காத்துல உள்ள கரியமில வாயுவ வாங்கித்தான் கல்லாகும். ஈரத்த உள்ள வாங்கி வெளிய விட்டுரும். அதுக்கு மேல சிமெண்டோ அந்தப் பெயிண்டோ பூசினா ஈரம் போக வழியில்லாம உள்ளேயே நிக்கும். உப்பு பூத்து செங்கல் பொடியாகும், கட்டை உளுத்துப்போகும். மேல பாத்தா பளபளன்னு இருக்கும். நல்லா இருந்த எத்தனையோ கோர்ட்டு கச்சேரிக் கட்டடத்த இப்படித்தான் கெடுத்துட்டாங்க, வயிறு எரியுது.

பாளை குமாஸ்தா:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. கருப்பட்டியும் சேக்கணும்னு எங்க ஆச்சி சொல்லுவா. அது எதுக்கு?

பழைய ஓவர்சியர்:
ஆச்சி சொன்னது சரி. சாந்து இழுவையா வரும், காயும்போது வெடிப்பு விழாது. நம்ம பக்கத்துல கருப்பட்டிக்கா பஞ்சம்! தாழையூத்துல 1949-ல சிமெண்டு ஆலை வந்தபிறகுதான் சுண்ணாம்புக் காளவாசல் (சூளை) ஒண்ணொண்ணா அணைஞ்சுது.

மழை விட்டு தை மாசம் வேலைய வைங்க. ஒழுகுத இடத்துல தட்டோட்ட மட்டும் பேத்துப் பாருங்க. ஜல்லித் தளம் கெட்டியா இருந்தா சுண்ணாம்பக் குழப்பி தட்டோட்டத் திரும்பப் பதிச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடி வைங்க. அதுக்கு முந்தி ஒண்ணு: ஒழுகுத மூலையில உத்தரம் சுவருக்குள்ள போற இடத்த ஸ்குரூடிரைவரால குத்திப் பாருங்க. பொதுக்குன்னு உள்ள போச்சுன்னா தளத்தத் தொடாம முதல்ல தச்சாசாரியக் கூப்பிடுங்க.