ஷட்டில் போன பிறகு தங்கிய மேகம்

நாசாவின் விண்வெளி ஓடமான ஸ்பேஸ் ஷட்டில் கிளம்பியதை நேரில் பார்த்தவர்கள் நெருப்பையும் சத்தத்தையும்தான் அதிகம் சொல்வார்கள். எனக்கு மனதில் நிற்பது, அது போன பிறகு கீழே தங்கிவிட்ட வெள்ளை மேகம். புளோரிடாவில் படித்தபோது, கென்னடி விண்வெளி மையத்தில் அந்த மேகம் போன தடத்தைப் பதிவு செய்யும் குழுவுக்கு உதவியாகப் போயிருந்தேன்.

ஷட்டிலின் சொந்த இன்ஜின்களால் தொந்தரவு இல்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்து நீராவிதான் வரும். விவகாரமெல்லாம் இரண்டு பக்கமும் நிற்கும் திட எரிபொருள் பூஸ்டர்களில், அதாவது மேலே தள்ளிவிடும் துணை ராக்கெட்டுகளில். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 500 டன் எரிபொருள். பெரும்பங்கு அமோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் அலுமினியம் ஆக்சைடு துகளும் கிளம்பும். சத்தத்தை அடக்க ஏவுதளத்தில் 11 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கொட்டுவார்கள். வாயு அதில் கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத் துளியாகிவிடும்.

ஏவுவதற்கு முன்பே பலூன் விட்டு, உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம், திசை, வெப்பநிலை எடுத்து, ரீடம் என்ற கணினி மாதிரியில் போட்டு மேகம் எங்கே போகும் என்று கணிப்பார்கள். சூட்டில் எழும்பும் மேகம் ஓர் உயரத்தில் நின்றுவிடும். அப்புறம் காற்று இழுத்த இழுப்புதான். கீழே ஒரு பக்கமும் மேலே வேறு பக்கமும் காற்று அடித்தால் மேகம் பிய்ந்துபோகும். கணிப்பவர்களின் வேலை லேசானதல்ல.

ஏவுதளத்தைச் சுற்றிக் குச்சிகளில், அமிலம் பட்டால் நிறம் மாறும் பிஎச் தாள் கட்டி வைத்திருந்தார்கள். அனுமதி கிடைத்து உள்ளே போய்ப் பார்த்தால், தாள் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். துளி பெரிதாக விழுந்த இடத்தில் புள்ளியும் பெரிது. பக்கத்துச் செடிகளின் இலைகளில் பொட்டுப் பொட்டாகக் கருகல், மேலே பொடி படிந்திருந்தது. ஆழமில்லாத காயலோரத்தில் சின்ன மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீரில் அமிலம் திடீரென்று ஏறினால் செவுள் தாங்காது. உப்புநீரும் சிப்பி ஓடு கலந்த மண்ணும் அமிலத்தைச் சீக்கிரமே முறித்துவிடும், சரி. ஆனால் கரையோரம் மாட்டிக்கொண்ட மீனுக்கு அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஷட்டில் 2011-இல் நின்றது. 2022 நவம்பரில் நாசாவின் ஆளில்லா நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1-ஐத் தூக்கிய பூஸ்டர்களும் அதே வகைதான். நான்கு பகுதிகளுக்குப் பதில் ஐந்து. குழந்தைகளோடு பார்க்கப் போகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இடம் பிடியுங்கள். மேகம் உங்கள் பக்கம் திரும்பினால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல், காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.