சென்னை கானலியும் ஹான்வெல் கானலியும் ஒரே ஆளா?

செவிலிய ஆசிரியை (கேள்வி)

வணக்கம். நான் மனநலச் செவிலியம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வெளியே உள்ள சுவரில் மனநல மருத்துவ வரலாற்றைப் படங்களோடு வைக்கப் போகிறோம். மாணவிகள் எழுதி வந்த ஒரு பத்தியில் எனக்குச் சந்தேகம். "டாக்டர் கானலி 1794ல் சென்னையின் முதல் மனநோயாளர் காப்பகத்தைத் தொடங்கினார். பிறகு 1839ல் லண்டனை அடுத்த ஹான்வெல்லில் நோயாளிகளின் விலங்குகளைக் கழற்றினார்" என்று இருக்கிறது. நடுவில் 45 வருஷம். ஒரே ஆளாக இருக்க முடியுமா? இரண்டு பேர் என்றால், ஹான்வெல் கானலியைப் பற்றிச் சுவரில் என்ன எழுதலாம்? எனக்குக் கிடைத்தவை எல்லாம் ஒரே புகழ்ச்சியாக இருக்கின்றன.

புரசைவாக்கம் பழசு

இரண்டு பேர்தான் மேடம். சென்னைக்காரர் வேலன்டைன் கானலி, கம்பெனி காலத்து அறுவை மருத்துவர். அவர் 1794ல் தொடங்கிய காப்பகம் பிறகு கைமாறி, டால்டன் என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கப்பட்டது. கீழ்ப்பாக்கத்து லோகாக்ஸ் தோட்டத்துக்கு வந்தது 1871ல்தான், 145 நோயாளிகளோடு. ஹான்வெல்காரர் ஜான் கானலி. அவர் பிறந்ததே 1794 மே மாதம், லிங்கன்ஷயரில் மார்க்கெட் ரேசன் என்ற சிற்றூரில். இங்கே காப்பகம் திறந்த வருஷம் அவர் தொட்டிலில் கிடந்தார்.

ஓய்வுபெற்ற வார்டுக்காரன்

பழசு சார் சொன்னது சரி. ஜான் கானலியைப் பற்றி நான் சொல்கிறேன்மா. 31 வருஷம் மனநல வார்டில் ஆண் செவிலியனாக வேலை பார்த்தவன். இந்த மனுஷனைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

முதலில், அவர் சின்ன வயதிலேயே பெரிய ஆளாகிவிட்டவர் இல்லை. கொஞ்ச நாள் மிலிஷியா என்ற உள்ளூர்த் துணைப்படையில் இருந்தார். கல்யாணம் முடிந்து பிரான்சில் ஒரு வருஷம். அதற்கப்புறம்தான் மருத்துவம் படித்து 1821ல் எடின்பரோவில் பட்டம் வாங்கினார். பட்டத்துக்கு எழுதிய ஆய்வே மனநோய் பற்றியது. லூயிஸ் என்ற ஊரில் வைத்தியம் பார்க்கக் கடை போட்டார், சிசெஸ்டரில் போட்டார், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டிலும் போட்டார். ஸ்ட்ராட்ஃபோர்டில் மேயர் ஆனாரே தவிர, பணம் சேரவில்லை. 1828ல் லண்டனில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாணவர்களைக் காப்பகத்துக்கே கூட்டிப்போய்ப் பாடம் நடத்த வேண்டும் என்று கேட்டார், நடக்கவில்லை. 1831ல் அந்த வேலையையும் விட்டார். 1838ல் ஹான்வெல்லுக்கு விண்ணப்பித்தார், வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். மறு வருஷம் அந்த இடம் மறுபடி காலியானபோதுதான் இவருக்குக் கிடைத்தது. வயது 45. இதைச் சுவரில் எழுதாவிட்டாலும் வகுப்பில் சொல்லுங்கள். முதல் வேலை கிடைக்காமல் அழுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

ஹான்வெல் என்பது மிடில்செக்ஸ் கவுண்டியின் ஏழைகளுக்கான காப்பகம். அப்போதே சுமார் 800 நோயாளிகள். வேலையில் சேருமுன், மே மாதம், லிங்கன் என்ற ஊரில் இருந்த மனநோயாளர் காப்பகத்தைப் போய்ப் பார்த்தார். ஜூன் 1ல் பொறுப்பேற்றார். செப்டம்பர் 21க்குள் கைவிலங்கு, கால்பூட்டு, தோல் வார், இறுக்குச் சட்டை எல்லாம் நின்றுவிட்டன. நான்கு மாதம்கூட ஆகவில்லை.

இந்த இடத்தில்தான் புத்தகங்கள் "கருணை" என்று ஒரு வார்த்தை போட்டுத் தாண்டிப் போகின்றன. எனக்கு எரிச்சல் வரும். 800 பேரைக் கருணையால் மட்டும் சமாளிக்க முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆஸ்பத்திரியில், இரவு டியூட்டியில் 60 பேருக்கு இரண்டு பேர் இருந்தோம். இரண்டாவது ஆளும் பத்து மணிக்குப் படுத்துவிடுவார். பெட்ஷீட்டைக் கிழித்து முறுக்கி வைத்திருப்போம். ஒரு பையனைக் கட்டிலோடு கட்டினேன். விடிந்து அவிழ்த்தபோது மணிக்கட்டில் தோல் இல்லை. நான் கொடுமைக்காரன் இல்லைம்மா. பயந்தவன். கட்டுகிறவர்களில் பாதிப்பேர் பயந்தவர்கள்தான்.

கானலிக்கு இது தெரிந்திருந்தது. கட்டை அவிழ்ப்பதென்றால் அதற்குப் பதிலாக ஆள் வேண்டும், கை ஓங்காத ஆள் வேண்டும், அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல சம்பளமும் வேண்டும் என்று அவர் விடாமல் சொல்லிவந்தார். காப்பகத்தை நடத்திய மாஜிஸ்திரேட்டுகளுக்குச் செலவுக் கணக்குதான் பெரிது. நோயாளிகளுக்கு எழுத்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்க வகுப்புகள் வைத்தார், அவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். 1844ல் அவருக்கு மேலே ராணுவத்து ஆள் ஒருவரை நிர்வாகியாகப் போட்டதும், தங்கிப் பார்க்கும் மருத்துவர் வேலையை விட்டு, வந்துபோகும் மருத்துவராக 1852 வரை தொடர்ந்தார்.

கட்டாமல் விட்டால் மூர்க்கமாக இருப்பவரை என்ன செய்வது? அதற்கு ஒரு தனி அறை. நாலு சுவரிலும் ஆள் உயரத்துக்கு மேல் வரை மெத்தை. 1856ல் எழுதிய புத்தகத்தில் அந்த மெத்தையைத் தச்சனுக்குச் சொல்வது போல விவரிக்கிறார். மரச்சட்டம், அதன்மேல் கெட்டித் துணி, உள்ளே திணிப்பது தேங்காய் நார். படித்ததும் நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் கயிறு திரிக்கிற அதே நார், அங்கே கயிறு வேண்டாம் என்பதற்காகச் சுவருக்குப் போயிருக்கிறது.

சட்டம் படித்தவன்

வார்டுக்காரர் ஐயா, நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஒன்று, முதலில் கட்டவிழ்த்தது கானலி இல்லை. அவர் பார்க்கப் போன லிங்கன் காப்பகத்தில் ராபர்ட் கார்டினர் ஹில் என்ற இளைஞர் அதற்கு முன்பே கட்டுகளை அடியோடு நிறுத்தியிருந்தார். லிங்கனில் அது தொடங்கிய கதையே ஒரு சாவுதான். 1829ல் ஒரு நோயாளி கட்டிலோடு கட்டப்பட்டு, ராத்திரி யாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்துபோனார். பெயரும் புகழும் கானலிக்குப் போயிற்றே என்று ஹில் கடைசிவரை குமுறினார்.

இரண்டு, பிற்கால கானலி. 1830ல் எழுதிய முதல் புத்தகத்தில், புத்தி பேதலித்தவர் என்பதற்காகவே ஒருவரை அடைக்கக் கூடாது, அடைக்க வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்றார். அருமையான வாதம். ஹான்வெல்லில் தங்கிப் பார்க்கும் வேலையை விட்ட பின் தனியார் மனநோயாளர் விடுதிகளின் பணம்தான் பிழைப்பு. 1849ல் நோட்டிட்ஜ் என்ற பெண்ணின் வழக்கு வந்தது. ஒரு மதக் குழுவில் சேர்ந்ததற்காக அவருடைய குடும்பம் அவரை மூர்கிராஃப்ட் இல்லம் என்ற தனியார் விடுதியில் அடைத்திருந்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தில்லாதவரை அடைக்கக் கூடாது என்று நீதிபதி சொன்னார். கிட்டத்தட்ட கானலி 1830ல் சொன்னதுதான். அதை எதிர்த்துக் கானலியே ஒரு சிறுநூல் போட்டார்!

1858ல் ரக் என்பவரின் வழக்கு. குடித்துக் குடித்து மனைவி மேல் சந்தேகப்பட்டவர். அவரை அடைக்கச் சான்றிதழ் கொடுத்தவர் கானலி, அடைத்த இடம் அதே மூர்கிராஃப்ட். அந்த விடுதியிலிருந்து கானலிக்குப் பணம் வந்துகொண்டிருந்தது நீதிமன்றத்தில் வெளியானது. சான்றிதழ் தரும் மருத்துவருக்கு விடுதியில் பங்கோ ஆதாயமோ இருக்கக் கூடாது என்பது 1845லேயே சட்டம். கானலி 500 பவுண்டு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. இதையும் சுவரில் எழுதுவீர்களா?

ஓய்வுபெற்ற வார்டுக்காரன்

எழுதட்டுமே தம்பி. நான் மறைக்கவில்லை, நீளம் கருதி விட்டேன். சரி, கொஞ்சம் மறைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தவரைப் பற்றி எழுதும்போது கை அப்படித்தான் போகிறது.

ரக் விஷயத்தில் எனக்கும் சமாதானம் இல்லை. ஹில் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்வேன். லிங்கன் சின்ன இடம். அங்கே முடிந்தது 800 பேர் இருக்கும் இடத்தில் முடியாது என்றுதான் மற்ற ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கானலி செய்து காட்டிய பிறகு அந்தச் சாக்கு எடுபடவில்லை. முதலில் செய்தவர் ஹில், பெரிய இடத்தில் செய்தவர் கானலி என்று இரண்டு பெயரையும் போடுங்கள்மா.

நான் ஏன் படித்தேன் என்று சொல்லவில்லையே. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் இறந்தார்கள். அந்த வாரம் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து என்னால் சாப்பிட முடியவில்லை. கட்டாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று எவனாவது நிரூபித்திருக்கிறானா என்று தேடினேன். இந்த ஆள் கிடைத்தார்.

செவிலிய ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. வேலன்டைன் கானலிக்குத் தனிப் பலகை வைக்கிறோம். ஜான் கானலியின் பலகையில் ஹில்லின் பெயர் முதல் வரியில், ரக் வழக்கு கடைசி வரியில். நடுவில் ஹான்வெல். அவர் இறந்தது 1866, அவருடைய மருமகன் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி என்று ஒரு மாணவி சேர்த்திருக்கிறாள், சரிதானே?

புரசைவாக்கம் பழசு

சரிதான். ஆன் என்ற மகளை மாட்ஸ்லி கட்டிக்கொண்டது அதே 1866ல், மாமனார் மார்ச்சில் காலமாவதற்குக் கொஞ்சம் முன்னால். மாமனாருக்கு அவர் எழுதிய நினைவுக் கட்டுரையில் புகழ்ச்சியோடு குத்தலும் உண்டு.

ஓய்வுபெற்ற வார்டுக்காரன்

பலகைக்குக் கீழே ஒரு பிடி தேங்காய் நார் ஒட்டி வையுங்கள்மா. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.