கட்சீன் முடிந்ததும் கதாபாத்திரம் பழைய இடத்துக்கே தாவுகிறது (அன்ரியல் 5, சீக்வென்சர்)

கரிசல்மண்:
அன்ரியல் என்ஜினில் சிறிய கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாகச் செய்துவருகிறேன். கட்சீனில் (ஆட்டக்காரர் கை படாமல் தானாக ஓடும் காட்சியில்) ஒரு கிழவி கிணற்றடியிலிருந்து வாசல்வரை நடந்து வந்து நிற்கிறாள். அங்கிருந்து அவளை ஆட்டக்காரர் நடத்த வேண்டும். கட்சீனை அமைக்கும் கருவியான சீக்வென்சரில் ஓட்டிப் பார்த்தால் அழகாக வருகிறாள். விளையாட்டில் ஓட்டினால், கட்சீன் முடிந்த கணமே மறுபடி கிணற்றடியில் நிற்கிறாள். கேமராவை வெட்டி மறைத்துவிடலாம்தான். ஆனால் 2018இல் வந்த காட் ஆஃப் வார் போல, வெட்டே இல்லாமல் கட்சீனிலிருந்து ஆட்டத்துக்குள் நுழைய வேண்டும் என்பது பேராசை. மூன்று இரவுகள் போய்விட்டன.

பனங்கிழங்கு:
அனிமேஷன் துண்டின் மேல் வலது சொடுக்கு செய்து, முடிந்ததும் என்ன செய்வது என்று சொல்லும் 'வென் ஃபினிஷ்டு' அமைப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'ரிஸ்டோர் ஸ்டேட்' என்றிருந்தால், கட்சீன் தொட்டதையெல்லாம் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். அப்படியே விட்டுவைக்கும் 'கீப் ஸ்டேட்' ஆக்குங்கள். அதுவும் சரிவராவிட்டால் வீடியோவாக எடுத்து ஓட்டிவிடுங்கள்.

கரிசல்மண்:
மாற்றினேன், பயனில்லை. இப்போது நடந்த கோலத்திலேயே உறைந்துவேறு நிற்கிறாள். வீடியோ வேண்டாம் ஐயா. சேலையை ஆட்டக்காரர்தான் தேர்ந்தெடுக்கிறார். வீடியோவில் எல்லோருக்கும் ஒரே சேலைதான் வரும்.

ஏழாம்ஃபிரேம்:
'கீப் ஸ்டேட்' நிலைமாற்ற டிராக்குக்கு (கதாபாத்திரத்தையே இடம் மாற்றும் வரிசைக்கு) உதவும். உங்களிடம் அந்த டிராக்கே இல்லை என்று நினைக்கிறேன். நடந்தது கிழவி இல்லை, அவளுடைய எலும்புக்கூடு மட்டும்தான். வியூபோர்ட்டின் (காட்சி தெரியும் சாளரத்தின்) 'ஷோ' மெனுவில் கொலிஷனை, அதாவது மோதலுக்கான மறைவு வடிவங்களை, தெரியவைத்து ஓட்டுங்கள். கேப்சூல் (கதாபாத்திரத்தின் இடமாக ஆட்டம் கணக்கில் எடுக்கும் மாத்திரை வடிவ உறை) கிணற்றடியிலேயே நிற்க, உருவம் மட்டும் அதை விட்டுவிட்டு நடந்து போவது தெரியும். ஆட்டத்தில் ரூட் எலும்பின் (எலும்புக்கூட்டின் அடி எலும்பின்) நகர்வை எடுத்துக் கேப்சூலை நகர்த்த ஆள் உண்டு. சீக்வென்சர் இயல்பாக எலும்புகளை அசைப்பதோடு நின்றுவிடுகிறது. அனிமேஷன் முடிந்ததும் உருவம் கேப்சூலிடம் திரும்புகிறது, அவ்வளவுதான்.

முதலில் 'ரிஸ்டோர் ஸ்டேட்'டுக்கே திரும்புங்கள். கிழவி அசையாமல் நின்ற பிறகு, முடிவுக்குச் சில ஃபிரேம்கள் முன்னதாக ஓர் ஈவென்ட் (அந்தக் கணத்தில் நிரலை அழைக்கும் குறி) வைத்து ரூட் எலும்பின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேப்சூலை அப்போதே நகர்த்திவிடாதீர்கள். உருவம் இரண்டு மடங்கு தூரம் தாவும். கட்சீன் முடிந்ததைச் சொல்லும் 'ஆன் ஃபினிஷ்டு' வந்த பிறகு நகர்த்துங்கள். கடைசி ஃபிரேமில் ஈவென்ட் வைக்க வேண்டாம், பல நேரம் அது நடக்காது.

கரிசல்மண்:
கேப்சூல் நீங்கள் சொன்னபடியே கிணற்றடியில் நின்றது! நகர்த்தியும் விட்டேன். வாசலில்தான் நிற்கிறாள், ஆனால் இடுப்புவரை மண்ணுக்குள், முகம் வேலிப் பக்கம்.

ஏழாம்ஃபிரேம்:
சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ரூட் எலும்பு பாதத்தில் இருக்கிறது, கேப்சூலின் மையம் இடுப்பருகில். குறித்த உயரத்தோடு கேப்சூலின் பாதி உயரத்தைக் கூட்டுங்கள். இயல்பாக அது 88 சென்டிமீட்டர். நீங்கள் மாற்றியிருந்தால் அந்த எண். முகம் திரும்பியதற்குக் காரணம், மெஷ்ஷுக்கு (கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு) வழக்கமாகக் கொடுக்கும் −90 பாகைத் திருப்பம். குறித்த திசையோடு 90 கூட்டுங்கள்.

கரிசல்மண்:
கூன் விழுந்தவள் என்பதால் 70 ஆகக் குறைத்திருந்தேன். அதைப் போட்டதும் வாசலைப் பார்த்து நேராக நிற்கிறாள். கையில் எடுத்து நடத்தியும் பார்த்துவிட்டேன். நன்றி ஐயா. கை மாறும் அந்தக் கணத்தில் முந்தானை மட்டும் ஒருமுறை துடிக்கிறது.

ஏழாம்ஃபிரேம்:
துணிக்கு நீங்கள் நகர்த்தியது தெரியாது. ஏதோ பெருங்காற்று என்று நினைக்கிறது. நகர்த்திய கையோடு துணிக்கு அதைச் சொல்லும் 'ஃபோர்ஸ் கிளாத் நெக்ஸ்ட் அப்டேட் டெலிபோர்ட்' கட்டளையை அழைத்துப் பாருங்கள்.