கயோட்டியா, காரா: எதுக்குப் பயப்படணும்?

வாணி_சிகாகோ: காலை ஆறரை மணி, குப்பைத் தொட்டியைத் தள்ளிட்டு வாசலுக்கு வர்றேன். டிரைவ்வேல ஒரு கயோட்டி. நம்ம ஊர் நரிக்குப் பெரியண்ணன் மாதிரி. என்னைப் பார்த்தும் நகரல. பையனுக்கு நாலு வயசு. பிடிச்சுட்டுப் போகச் சொல்லிப் புகார் கொடுத்தா "பழகிக்கோங்க"ங்கறாங்க.

கார்த்தி: சரியாத்தான் சொல்லியிருக்காங்க. கயோட்டி தாக்கி அமெரிக்கா, கனடா ரெண்டுலயும் செத்ததாப் பதிவானது 2 பேர். 1981ல கலிஃபோர்னியா கிளென்டேல்ல ஒரு 3 வயசுக் குழந்தை, 2009ல கனடாவோட நோவா ஸ்கோஷியாவுல 19 வயசுப் பாடகி. ரோட்டுல நடந்து போனவங்க வண்டி மோதி 2022ல அமெரிக்காவுல மட்டும் செத்தது சுமார் 7,500 பேர். பையனை அதே டிரைவ்வேல கார் ரிவர்ஸ் எடுக்கிறப்போ பார்த்துக்கோங்க. நாய்க்கடி சாவும் அங்க வருஷத்துக்குச் சராசரியா நாப்பதுக்கு மேல இருக்கு.

வாணி_சிகாகோ: நாய் கோடிக்கணக்குல இருக்கு, சோபாவுல நம்மகூடவே கிடக்கு. கயோட்டி எத்தனை, நம்ம பக்கத்துல எத்தனை நிமிஷம் நிக்குது? வகுத்துப் பார்க்காம சும்மா சாவை எண்ணினா அது கணக்கா? செத்தாத்தான் ஆபத்தா, கடிச்சா இல்லையா?

ஈழவன்_வான்கூவர்: தங்கச்சி கேக்கிறது ஞாயம். இங்க ஸ்டான்லி பார்க்கில 2020 டிசம்பர் தொடக்கம் 2021 செப்டெம்பர் வரைக்கும் 45 பேர் கடி வாங்கினவை, சின்னப் பிள்ளையளும்தான். பார்க்கையே பூட்டினவங்கள். அந்த வருசம் 11 கயோட்டியைக் கொல்ல வேண்டி வந்தது. கடி வாங்கினவனுக்கு உங்கட சராசரி என்னத்துக்கு? ஆனா காரணம் சனம்தான். படம் எடுக்கவெண்டு சாப்பாடு போட்டுப் பழக்கிப்போட்டுதுகள்.

கார்த்தி: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சிகாகோ இருக்கிற உங்க குக் கவுன்டியிலயே 2000லருந்து கயோட்டிங்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ச்சி பண்றாங்க. அதுங்க தின்னறது பெரும்பாலும் எலி, முயல், பழம், மான். ஒண்ணைப் பிடிச்சா காலியான இடத்துக்கு இன்னொண்ணு வரும். பார்த்தா ஓடாதீங்க, ஓடினா துரத்தத் தோணும். பையனைத் தூக்கிக்கிட்டு, கையை உயர்த்திக் கத்துங்க.

வாணி_சிகாகோ: கத்துறது இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி தெருப்பூனைக்குன்னு தினமும் ராத்திரி பின்படிக்கட்டுல ஒரு கிண்ணம் வைக்கிறாங்க. காலையில துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. இந்தத் தெருவுல நான் பூனையையே பார்த்ததில்லை. அந்தப் பாட்டிகிட்ட யார் போய்ச் சொல்றது, நீங்க வர்றீங்களா?