குற்றவியல் நீதி படித்தால் போலீஸ் வேலை மட்டும்தானா?

புதுமாணவி:
வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி எடுக்க ஆசை. வீட்டில், "படித்துவிட்டு போலீஸ் ஆகப்போகிறாயா?" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சீருடை வேலையில் எனக்கு விருப்பமில்லை. ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், தண்டனைக்கு அப்புறம் அவர் என்ன ஆகிறார் என்பதில்தான் ஆர்வம். இதற்கென்று வேலை இருக்கிறதா? கணக்கு எனக்குச் சுமாராகத்தான் வரும்.

கோப்புக்காரர்:
இருக்கிறது. நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன்: நன்னடத்தை அலுவலர். சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு விடப்பட்டவர்களைக் கண்காணிக்க வேண்டும். தண்டனை முடிவாகும் முன் அவர்களைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கையும் தர வேண்டும்.

இதற்கு வழிபோட்டவர் வக்கீலும் இல்லை, போலீஸும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்துவந்த ஜான் அகஸ்டஸ். 1841-இல், குடித்ததற்காகக் கூண்டில் நின்ற ஒருவரை அவர் ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அதே ஆளைக் குடியை விட்டவராக நீதிபதி முன் கொண்டுவந்து நிறுத்தினார். பெயருக்கு ஓர் அபராதத்தோடு வழக்கு முடிந்தது.

இந்த வேலையில் பாதி எழுத்துதான். புதிதாக வருபவர்கள் அறிக்கையில் "பொறுப்பற்றவர்" என்று எழுதுவார்கள். அதை நான் விடவே மாட்டேன். "நேரில் வர வேண்டிய இரண்டு நாள் வரவில்லை, இரண்டு நாளும் இரவு வேலை முடித்துக் காலையில்தான் வீடு திரும்பியிருக்கிறார், வருகைப் பதிவேட்டில் இருக்கிறது" என்று எழுதச் சொல்வேன். முதல் வார்த்தை ஓர் ஆளை உள்ளே தள்ளிவிடும். இரண்டாவதைப் படிக்கும் நீதிபதி, வரவேண்டிய நேரத்தை மாற்றிக்கொடுப்பார்.

அப்புறம், கணக்கைக் கண்டு பயப்படாதீர்கள், ஆனால் ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972-73-இல் ஒரு சோதனை செய்தார்கள். சில பகுதிகளில் வழக்கமான போலீஸ் ரோந்தை நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள், மற்றவற்றில் அப்படியே விட்டார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதை எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தைத் தருவதுதான் இந்தப் படிப்பின் பெரிய லாபம் என்பேன்.

ஆய்வகவாசி:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தடயவியல் ஆய்வக வேலை மனதில் இருந்தால் இந்தப் பட்டம் போதாது. வேதியியல் அல்லது உயிரியல் அடிப்படை வேண்டும். சேர்ந்த பிறகு தெரிந்து வருந்துபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

புதுமாணவி:
ஆய்வகம் வேண்டாம், எனக்கு மனிதர்களோடு வேலை செய்யத்தான் ஆசை. நன்னடத்தை அலுவலர் வேலை கிடைக்கவில்லை என்றால்?

கோப்புக்காரர்:
சிறார் நீதி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புகள், சிறையிலிருந்து வருபவர்களின் மறுவாழ்வு, எல்லாவற்றிலும் ஆள் வேண்டும். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மோசடி விசாரணைக்கு எடுக்கிறார்கள், சம்பளமும் அங்கே கூடுதல். உளவியல் அல்லது சமூகப்பணியைத் துணைப் பாடமாக எடுங்கள். சேரும் முன், பொதுமக்களை அனுமதிக்கும் நீதிமன்றம் ஒன்றில் ஜாமீன் மனுக்கள் வரும் நேரமாகப் பார்த்து ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருங்கள். வக்கீல் பேசும்போது, பின்னால் நிற்கும் குடும்பத்தையும் கவனியுங்கள். நாளைக்கு நீங்கள் பேசவேண்டியது அவர்களோடுதான்.